வேகமாய்ப் படிக்கலாம், ஆனால்...

எங்கள் குடும்பத்தில் படிக்க வந்த முதல் ஆள் நான். ஆங்கிலப் புத்தகம் என்றால் பக்கத்துக்கு அரைமணி நேரம் ஆகும். அதனால் குரோம் உலவியில் வேகவாசிப்பு ‘எக்ஸ்டென்ஷன்’ ஒன்றைச் சேர்த்தேன்.

கட்டுரையைத் தேர்வு செய்து அழுத்தினால், சொற்கள் ஒரே இடத்தில் ஒவ்வொன்றாய் மின்னி மறையும். கண் வரிவரியாய் ஓட வேண்டாம். ஆங்கிலத்தில் பழகியவர்கள் நிமிடத்துக்குச் சுமார் 240 சொல் வாசிப்பார்கள். நான் 500 வைத்தேன். ஒரே இரவில் கரன்ட் டிரான்ஸ்பார்மர் பாடம் முடிந்தது!

மறுநாள் லேபில், மின்சாரம் ஓடும்போதே செகண்டரியிலிருந்து அம்மீட்டரைக் கழற்றப் போனேன். “டேய், கையை எடு!” என்று சார் கத்தினார். முதலில் செகண்டரியை ஷார்ட் செய்ய வேண்டும். திறந்துவிட்டால் ஆபத்தான உயர் மின்னழுத்தம் எழும். ‘திறக்கக் கூடாது’ என்று புத்தகத்தில் இருந்தது. அந்தக் ‘கூடாது’ என் கண்முன்னே மின்னிப் போயிருக்கிறது.

புரியாத இடத்தில் கண் தானாகப் பின்னே திரும்பும். இந்த முறையில் அதற்கு வழியில்லை. வேகம் கூடினால் புரிதல் குறையும் என்றே கீத் ரேனர் குழுவினரின் 2016ஆம் ஆண்டுக் கட்டுரையும் சொல்கிறது.

ஆகவே நண்பர்களே, செய்தி படிக்கவும், பாடத்தில் என்ன இருக்கிறது என்று ஒருமுறை பார்க்கவும் இது போதும். சூத்திரம், சர்க்யூட், எச்சரிக்கை வந்தால் அதை அணைத்துவிட்டு, பேனாவோடு உட்காருங்கள். அரியரும் வராது, கையும் பத்திரமாக இருக்கும்.