முதலில் நோட்டைக் கையில் வாங்கு

அன்புள்ள மருமகளுக்கு,

அத்தை எழுதுவது. தலைமைப் பண்புப் பயிற்சிக்குப் பணம் கட்டலாமா என்று கேட்டிருந்தாய். ஏசி அரங்கம், கோட்டுப் போட்ட பயிற்சியாளர், முடிவில் சான்றிதழ். மேடைக் கூச்சம் போகும் என்றால் தாராளமாகப் போய் வா, நான் குறுக்கே நிற்கவில்லை. ஆனால் ஊரில் நாலு பேர் நம்பி ஒரு காரியத்தை ஒப்படைக்கிற ஆளாக வேண்டும் என்று எழுதியிருக்கிறாயே, அதற்கு வேறு பள்ளிக்கூடம். அது நம் மதுரைப் பக்கத்துக் கிராமங்களிலேயே முப்பது வருஷத்துக்கு மேலாக நடந்துகொண்டிருக்கிறது.

1990-ல் பிரதான் என்ற தொண்டு நிறுவனம் மதுரை மாவட்டக் கிராமங்களில் பெண்களைச் சேர்த்துச் சிறுசேமிப்புக் குழுக்களைத் தொடங்கியது. களஞ்சியம் என்று பெயர். 1997 அக்டோபரில் பிரதானில் இருந்த எம்.பி. வாசிமலையும் அவரோடு இருந்தவர்களும் தனியாகத் தானம் அறக்கட்டளையை மதுரையில் அமைத்தார்கள். களஞ்சியம் அதன் கையில் வளர்ந்தது. நான் வங்கியில் இருந்த காலத்தில் கடன் கொடுப்பதற்கு முன்னால் குழு ஒழுங்காக நடக்கிறதா என்று பார்க்க அந்தக் கூட்டங்களுக்குப் போக வேண்டியிருக்கும். அதனால் கேள்விப்பட்டதை அல்ல, பார்த்ததைத்தான் சொல்கிறேன்.

சாவடியிலோ கோயில் திண்ணையிலோ ஜமக்காளம் விரித்து வட்டமாக உட்காருவார்கள், பதினைந்து இருபது பேர். நடுவில் தகரப்பெட்டி. அந்த ஆரம்பக் காலத்தில் மாதச் சேமிப்பு பத்து ரூபாய், இருபது ரூபாய்தான். பணத்தை எல்லார் கண் முன்னாலும் எண்ணி, தொகையைச் சத்தமாகச் சொல்வார்கள். பாதிப் பேருக்கு எழுத்துத் தெரியாது. ஆனால் போன கூட்டத்தில் சொன்ன தொகை மனசில் நிற்கும். பத்து ரூபாய் குறைந்தாலும் "இருந்த காசு எங்கேடி?" என்று கேட்டுவிடுவார்கள். எங்கள் கிளைக்கு வந்த ஆடிட்டர்களில் சிலர் அவ்வளவு கறாராகக் கேட்டதில்லை.

பிறகுதான் உண்மையான பாடம். பெட்டியில் மூவாயிரம் இருக்கும், வந்திருக்கும் கோரிக்கைகளைக் கூட்டினால் ஏழாயிரம் ஆகும். ஒருத்திக்கு மகன் பள்ளிச் செலவு, ஒருத்திக்கு ஆடு வாங்க வேண்டும், இன்னொருத்திக்கு அடகில் மூழ்கப் போகிற தோட்டை மீட்க வேண்டும். வெளியே கேட்டால் மாதம் ஐந்து வட்டி, பத்து வட்டி. யாருக்கு முதலில் என்று அங்கேயே, அத்தனை பேர் முன்னாலும் முடிவாக வேண்டும். தலைவி தன் சொந்த நாத்தனாரைப் பார்த்து, "உனக்குப் போன தவணையே நிக்குது, அடுத்த மாசம் பாப்போம்" என்று சொல்லியாக வேண்டும். சொல்லிவிட்டு அதே தெருவில் குடியிருக்கவும் வேண்டும். எந்த அரங்கத்திலும் இதற்கு ஒத்திகை பார்க்க முடியாது.

சின்னப்பிள்ளையைத் தெரியும் அல்லவா? அழகர்கோவில் பக்கத்துப் பில்லுச்சேரிக்காரர், எழுதப் படிக்கத் தெரியாதவர். 2001 ஜனவரியில் டெல்லியில் ஸ்திரீ சக்தி விருது கொடுத்தபோது பிரதமர் வாஜ்பாய் குனிந்து அவர் காலைத் தொட்டார். அந்தப் படம்தான் எல்லாருக்கும் நினைவிருக்கிறது. 2019-ல் பத்மஸ்ரீயும் வந்தது. எனக்கு அந்தப் படத்துக்கு முந்தைய வருஷங்கள்தான் முக்கியம். களஞ்சியம் ஊருக்குள் வருவதற்கு முன்பே அவர் நடவுக்கும் அறுப்புக்கும் ஆள் கூட்டிப் போனவர். நிலத்துக்காரரிடம் கூலி பேசி, வந்ததைப் பிசகில்லாமல் பிரித்துக் கொடுத்து, நாளைக்கும் அந்தப் பெண்கள் தன்னோடு வரும்படி வைத்துக்கொண்டவர். தலைமை அவரிடம் முன்பே இருந்தது. களஞ்சியம் அதற்கு ஒரு பெட்டியும் நோட்டும் கூட்டமும் கொடுத்தது. கேள்வி கேட்கப் பதினைந்து பேரையும் சேர்த்துக் கொடுத்தது. அதற்குப் பிறகுதான் அந்தத் தலைமை ஊரைத் தாண்டி வட்டாரத்துக்கும் கூட்டமைப்புக்கும் போனது. பயிற்சி என்றால் இவ்வளவுதான் என்பது என் கட்சி: பொறுப்பைக் கையில் கொடு, கணக்குக் கேட்க ஆளையும் பக்கத்தில் உட்கார வை.

 

குழு என்றாலே எல்லாம் பொன் என்று நினைத்துவிடாதே. பொறுப்பைச் சில வருஷத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும் என்று விதி இருக்கும். பல ஊர்களில் ஒரே பெண்தான் காலமெல்லாம் தலைவி. இப்போது 'குழு' என்ற பெயரில் தனியார் நிதி நிறுவனங்கள் வாசலில் வந்து நின்று வசூல் பண்ணுவதையும் நீ பார்த்திருப்பாய். அங்கே தலைவிக்கு வேலை தவணை வாங்கிக் கொடுப்பது மட்டும். அதில் யாரும் எதையும் பழகுவதில்லை.

பொறுப்பைக் கொடுத்தே பழக்கியதற்கு இன்னொரு ஊர்க் கதை சொல்கிறேன். அமெரிக்காவின் தென் மாநிலங்களில் கறுப்பின மக்கள் வாக்காளராகப் பதிய எழுத்தறிவுச் சோதனை வைத்திருந்தார்கள், அவர்களைத் தள்ளி வைப்பதற்காகவே. டென்னசியில் 1932-ல் தொடங்கிய ஹைலாண்டர் பள்ளியில் இருந்த செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை அதற்கு ஒரு வழி கண்டார். 1957-ல் தெற்குக் கரோலினாவின் ஜான்ஸ் தீவில், ஒரு கடையின் பின்னறையில் முதல் குடியுரிமைப் பள்ளி ஆரம்பமானது. முன்னால் கடை என்பதால் வெள்ளைக்காரர்களுக்குச் சந்தேகம் வராது. பாடம் நடத்தியவர் பெர்னீஸ் ராபின்சன், தொழில் தலை அலங்காரம். படித்த வாத்தியார் வந்தால் ஜனங்கள் வாயைத் திறக்க மாட்டார்கள் என்று தெரிந்தே அவரைப் பிடித்தார்கள். பேர் எழுதுவது, படிவம் நிரப்புவது, பிறகு மாநிலச் சட்டத்தை வாசிப்பது. அங்கே படித்தவர்கள் ஊர் திரும்பித் தாங்களே பள்ளி வைத்தார்கள். எங்கள் வங்கி கவுன்ட்டரில் கைநாட்டு வேண்டாம் என்று பேனாவைக் கேட்டு வாங்கி, நாக்கைக் கடித்துக்கொண்டு பெயரை எழுதிய பெண்களைப் பார்த்தவளுக்கு ஜான்ஸ் தீவு தூரமில்லை.

ஊர்ப் பொறுப்பை எடுப்பதில் ஆபத்து உண்டு என்பதையும் மறைக்கக் கூடாது. மதுரை வில்லாபுரத்தில் மார்க்சிஸ்ட் கட்சியின் மாமன்ற உறுப்பினராக இருந்த லீலாவதி, குடிதண்ணீருக்காக நின்றவர். 1997 ஏப்ரல் 23 அன்று தெருவிலேயே வெட்டிக் கொன்றார்கள். அதே வருஷம் ஜூன் 30-ல் மேலவளவு ஊராட்சித் தலைவர் முருகேசனையும் அவரோடு இருந்தவர்களையும் கொன்றார்கள். தலித் ஒருவர் அந்த நாற்காலியில் உட்கார்ந்ததுதான் அவர் செய்த குற்றம். அதே காரணத்தால் பாப்பாபட்டி, கீரிப்பட்டி, நாட்டார்மங்கலத்தில் 1996 முதல் பல தடவை தேர்தலே நடக்கவில்லை, நடந்தபோதும் ஜெயித்தவர் உடனே ராஜினாமா செய்தார். 2006-ல்தான் தலைவர்கள் பதவியில் நிலைத்தார்கள். நன்றாகப் பேசத் தெரியாததால் இவர்களுக்கு இது நடக்கவில்லை. தனி ஒருவரின் தைரியத்தை மட்டும் வளர்த்துவிடுகிற பயிற்சி மேல் எனக்குப் பயம் வருவது இதனால்தான்.

சரி, நீ என்ன செய்யலாம் என்று கேட்டாய். வருஷத்துக்கு ஆறு கிராமசபை: ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1. ஊராட்சியில் தலைவர் இருந்தாலும் தனி அலுவலர் இருந்தாலும் சபை கூட வேண்டும். மதுரைக்கே குடிவந்துவிட்டால் மாநகராட்சியின் நூறு வார்டுகளிலும் பகுதி சபை இருக்கிறது, 2022-லிருந்து. வாக்காளர் பட்டியலில் உன் பெயர் ஏறிவிட்டதல்லவா? அப்படியென்றால் நீயும் சபை உறுப்பினர். யாரும் அழைக்க வேண்டியதில்லை.

முதல் தடவை பேசாதே. எப்படி நடக்கிறது என்று மட்டும் கவனி. சில ஊர்களில் நூறு நாள் வேலைக்காரர்களை வரிசையாக உட்கார வைத்து, தீர்மானம் எழுதுவதற்கு முன்பே நோட்டில் கையெழுத்து வாங்கிவிடுவார்கள். மேசைக்குப் பின்னால் பெண் தலைவர் உட்கார்ந்திருப்பார், பதில் சொல்வது வீட்டுக்காரராக இருக்கும். வரவு செலவை ஒருவர் வேகமாக வாசித்து முடிப்பார், ஒரு தொகையும் காதில் நிற்காது. இதையெல்லாம் வீட்டுக்கு வந்து எழுதி வை.

அடுத்த சபைக்கு ஒரே ஒரு கோரிக்கையோடு போ. தெருவிளக்கோ, பள்ளிக்கூடத்துக் கழிப்பறைத் தண்ணீரோ, ஒன்று போதும். மனுவில் உன் கையெழுத்து முதலில் இருக்க வேண்டாம், பத்தாவதாக இருக்கட்டும். அதற்கு முன்னால் ஒன்பது வீட்டுக்குப் போய்ப் பேசியிருப்பாய் அல்லவா, அதுதான் வேண்டும். உன் சித்தியைப் பேசச் சொல். நோட்டில் தீர்மானம் ஏறியதா என்று வாசித்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போடுங்கள். ஊராட்சிச் செயலர் முறைப்பார். "காலேஜ் படிக்கிற புள்ள, உனக்கு எதுக்கும்மா இது" என்பார். சண்டைக்குப் போகாதே, நோட்டையும் விடாதே. தீர்மான நம்பரையும் தேதியையும் குறித்துக்கொண்டு வந்து எனக்குப் போன் பண்ணு. அதை வைத்து யூனியன் ஆபீசில் யாரைப் பார்க்க வேண்டும் என்று சொல்கிறேன்.

அன்புடன்,
அத்தை