நெல்லை வெயிலுக்கு எந்த மெழுகு நிற்கும்?

கார் மெழுகு டப்பாவில் போட்டிருக்கும் ஆயுட்காலத்தை அப்படியே நம்ப வேண்டாம். மே மாதம் பாளையங்கோட்டையில் நிழலிலேயே வெப்பம் 40 டிகிரியை ஒட்டி நிற்கும். வெயிலில் கிடக்கும் கறுப்பு பானெட் 60-ஐச் சாதாரணமாகத் தாண்டும். வண்டி நிற்கும் இடமும் கழுவும் தண்ணீரும்தான் மெழுகின் ஆயுளைத் தீர்மானிக்கின்றன.

செய்ய வேண்டியவை

• வண்டி போர்டிகோவுக்குள் நின்றால் கார்னௌபா மெழுகு வாங்குங்கள். வடகிழக்கு பிரேசிலில் வளரும் ஒரு பனையின் ஓலையில் படிவது இது. நம் தேரிக்காட்டுப் பனைக்குத் தூரத்துச் சொந்தம். வறட்சியில் ஓலை காய்ந்துவிடாமல் இருக்க மரமே பூசிக்கொள்ளும் கவசம். 82 டிகிரிக்கு மேல்தான் உருகும். தேன்மெழுகு 62, 64-லேயே இளகிவிடும். ஆனால் டப்பாவில் இருப்பது சுத்தக் கார்னௌபா அல்ல. பூச வசதியாக எண்ணெயும் கரைப்பானும் வேறு மெழுகுகளும் கலந்திருக்கும். அதனால் பளபளப்பு அருமையாக இருந்தாலும் ஓரிரு மாதம்தான் தாங்கும்.

• தெருவில் நிற்கும் வண்டிக்கு பாலிமர் சீலன்ட் வாங்குங்கள். மினுமினுப்பு ஒரு மாற்றுக் குறைவு, ஆனால் நாலைந்து மாதம் நிற்கும். தூத்துக்குடி, திருச்செந்தூர், உவரி என்று அடிக்கடி கடற்கரைப் பக்கம் ஓடும் வண்டிக்கும் இதுதான். செராமிக் கோட்டிங் இன்னும் நீண்ட நாள் உழைக்கும், செலவும் அதற்குத் தக்கபடி. ஐந்து வருடத்தில் விற்கப்போகிற வண்டிக்கு அது தேவையில்லை என்பது என் கருத்து.

• எந்த மெழுகானாலும் வருடத்துக்குக் குறைந்தது இரண்டு முறை பூசுங்கள். பங்குனியில் ஒன்று, அக்னி நட்சத்திரத்துக்கு முன்பாக. புரட்டாசியில் இன்னொன்று, ஆயுத பூஜைக்கு முன்பாக. மஞ்சளும் குங்குமமும் நேரே பெயிண்டில் காய்ந்தால் கறை பிடிக்கும். மேலே மெழுகு இருந்தால் கழுவும்போது போய்விடும். பின்னால் வரும் ஐப்பசி மழைக்கும் வண்டி தயாராக இருக்கும்.

• நிழலில், கழுவி ஈரம் போகத் துடைத்த பிறகு, மெல்லிசாகப் பூசுங்கள். கனமாகப் பூசினால் துடைக்கக் கைதான் வலிக்கும்.

• ஒரு செம்புத் தண்ணீரை பானெட்டில் ஊற்றிப் பாருங்கள். முத்து முத்தாக உருண்டால் மெழுகு இருக்கிறது. பாயாக விரிந்தால் மறுபடி பூச வேண்டியதுதான்.

செய்யக்கூடாதவை

• உப்புத் தண்ணீரை வண்டியில் காயவிடாதீர்கள். வள்ளியூர், ராதாபுரம் பக்கத்து போர்வெல் தண்ணீர் காய்ந்தால் வெள்ளை வட்டங்கள் விழும், மெழுகும் அதைத் தடுக்காது. கடைசி ஒரு வாளியாவது குழாயில் வரும் ஆற்றுத் தண்ணீராக இருக்கட்டும். உடனே மைக்ரோஃபைபர் துணியால் ஒற்றி எடுத்துவிடுங்கள்.

• காய்ந்த தூசியைத் துணியால் தேய்க்காதீர்கள். சிமெண்ட் லாரி ஓடும் தாழையூத்துப் பாதை, கல்குவாரிச் சாலை, ஆடிக் காற்றில் மண் பறக்கும் பணகுடி எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். முதலில் தண்ணீர் அடித்து இறக்குங்கள். பெயிண்டின் மேல் இருக்கும் கிளியர் கோட் சுமார் 50 மைக்ரான்தான், தலைமுடி அளவுகூட வராது.

• மெழுகு என்று நினைத்து ரப்பிங் காம்பவுண்ட் வாங்கிவிடாதீர்கள். அது கிளியர் கோட்டைச் சுரண்டித்தான் பளபளப்பு காட்டும்.

• பாத்திரம் விளக்கும் சோப்பு வேண்டாம், மண்ணெண்ணெய் துடைப்பும் வேண்டாம். பூசிய மெழுகை இரண்டும் அரித்துவிடும்.

• டிங்கரிங் முடித்துப் புதிதாக பெயிண்ட் அடித்த இடத்தில் ஒரு மாதமாவது மெழுகு பூசாதீர்கள். உள்ளிருக்கும் கரைப்பான் வெளியேற நாள் வேண்டும்.

• மேட் ஃபினிஷ் பைக்கில் சாதாரண மெழுகு கூடவே கூடாது. திட்டுத் திட்டாக மினுங்கும்.

• பறவை எச்சத்தை ஞாயிற்றுக்கிழமைக்கு என்று ஒத்திவைக்காதீர்கள். வெயிலில் ஒரே பகலில் தடம் விழுந்துவிடும். நனைத்து, ஊறவிட்டு எடுங்கள்.

• எந்த மெழுகு பூசினாலும் சரி, வண்டியைப் படித்துறைக்கு ஓட்டிப்போய்க் கழுவாதீர்கள். எண்ணெயும் ஷாம்பும் ஆற்றோடு போகும். கீழே தூத்துக்குடி மாவட்டம் வரை குடிப்பது அந்தத் தாமிரபரணித் தண்ணீரைத்தான். வண்டி கழுவ வீட்டு வாசலில் இரண்டு வாளி போதும்.