முதுகுவலிக்கு ரப்பர் மெத்தை: வாங்கும் முன் எடை போட்டுப் பாருங்கள்



கடையின் முதலீடு என்ன என்று கேட்டால் சரக்கு இருப்பு, கட்டடம், வெளியே நிற்கும் பாக்கி என்று கணக்குச் சொல்வோம். முதுகெலும்பை யாரும் இருப்புக் கணக்கில் எழுதுவதில்லை. விடியற்காலையில் பால் பாக்கெட் இறக்குவதில் தொடங்கி இரவு ஷட்டரை இழுத்துப் பூட்டும் வரை அதன் மேல்தான் வியாபாரம் நடக்கிறது. சேலம் செவ்வாய்ப்பேட்டையிலிருந்து வரும் 50 கிலோ சர்க்கரை மூட்டையைத் தோளில் ஏற்றியவர்களுக்கும், முதுகுச் சாய்மானம் இல்லாத ஸ்டூலில் அமர்ந்து நாள் முழுதும் கல்லா பார்த்தவர்களுக்கும் நாற்பது வயதைத் தாண்டியதும் இடுப்பு பேசத் தொடங்கிவிடும். நம் ஆட்டையாம்பட்டியின் பெயரை ஊரெங்கும் கொண்டு சென்றது கைமுறுக்கு. அதைச் சுற்றும் பெண்கள் தரையில் அமர்ந்து குனிந்தபடியே மணிக்கணக்கில் வேலை செய்கிறார்கள். அவர்களுக்கு இடுப்போடு முழங்காலும் சேர்ந்து வலிக்கும்.

இத்தகையவர்களை நம்பித்தான் "ஆர்த்தோ மெத்தை" விற்பனை நடக்கிறது. அதிலும் ரப்பர் பாலில் செய்த லேடக்ஸ் மெத்தைக்கு இப்போது மதிப்பு கூடியிருக்கிறது. விலையும் சாதாரண பஞ்சு மெத்தையைப் போல் பல மடங்கு. கடைக்குப் பருப்பு வாங்கும்போது பிடி அள்ளிப் பார்த்து, கடித்துப் பார்த்து, மூட்டைக்கு இரண்டு ரூபாய்க்காக அரைமணி நேரம் பேரம் பேசுகிற நாம், மெத்தைக் கடைக்குள் போனதும் விற்பவர் சொல்வதைக் கேட்டுத் தலையாட்டிவிட்டு வருகிறோம். மெத்தையும் ஒரு சரக்குதான். அதற்கும் தரம், எடை, கலப்படம் எல்லாம் உண்டு.

முதலில் மருத்துவம்

எந்த மெத்தையும் நோயைக் குணப்படுத்தாது. நாள் முழுதும் உழைத்த முதுகுக்கு இரவில் ஏழு மணி நேரம் சரியான தாங்கல் கொடுப்பது மட்டுமே அதன் வேலை. "ஆர்த்தோ" என்பது வியாபாரச் சொல். மருத்துவர் போட்ட முத்திரை என்று எண்ணிவிடக் கூடாது. வலி காலுக்குள் இறங்கி மரத்துப் போதல், காலில் பலம் குறைதல், சிறுநீர் அல்லது மலம் அடக்க முடியாமை, வலியோடு காய்ச்சல், காரணமின்றி உடல் இளைத்தல், விழுந்து அடிபட்ட பின் வந்த வலி ஆகியவற்றில் எது இருந்தாலும் மெத்தைக் கடைக்குப் போகும் முன் மருத்துவரிடம் போக வேண்டும். சிறுநீர் அடங்காமல் போனால் அன்றைக்கே போக வேண்டும். காலையில் எழுந்ததும் மூட்டுகள் அரைமணி, ஒருமணி நேரத்துக்கு மேல் இறுகிக் கிடந்தால் அது வாத நோயாக இருக்கலாம். அதற்கும் மருந்துதான் வழி.

"முதுகு வலித்தால் கட்டாந்தரையில் படு" என்று நம் பெரியவர்கள் சொன்னார்கள். மருத்துவர்களும் நெடுங்காலம் கெட்டியான படுக்கையைத்தான் சொல்லி வந்தனர். 2003ஆம் ஆண்டு "லான்செட்" என்ற மருத்துவ இதழில் ஸ்பெயின் நாட்டு ஆய்வு ஒன்று வெளிவந்தது. நாள்பட்ட இடுப்பு வலி உள்ள 313 பேரில் ஒரு பகுதியினருக்கு மிகக் கெட்டியான மெத்தையும், மற்றவர்களுக்கு நடுத்தரக் கெட்டி மெத்தையும் கொடுத்து 90 நாட்கள் கவனித்தார்கள். நடுத்தரக் கெட்டி மெத்தையில் படுத்தவர்களுக்கே வலி அதிகமாகக் குறைந்தது. இந்த ஆய்வு கெட்டித்தனத்தைப் பற்றியது. லேடக்ஸ் உயர்ந்தது என்று அது சொல்லவில்லை. இதைக் காட்டி லேடக்ஸ் விற்பவர் இருந்தால் அந்த அளவுக்கே நம்புங்கள்.

அப்படியானால் லேடக்ஸுக்கு ஏன் கூடுதல் விலை? அது அழுத்தினால் உடம்பின் வளைவுக்கு இடம் கொடுக்கும், எடுத்தால் உடனே எழும்பும். புரண்டு படுக்கச் சிரமம் இராது. இலவம் பஞ்சு மெத்தை குளிர்ச்சியானதுதான். போடி பக்கத்து இலவம் பஞ்சுக்கு இன்றும் ஈடில்லை. ஆனால் இரண்டு மூன்று வருடத்தில் இடுப்புப் படும் இடத்தில் பள்ளம் விழுந்து, பஞ்சைப் பிரித்து அடிக்க வேண்டியிருக்கும். நல்ல லேடக்ஸ் அந்தப் பள்ளம் விழாமல் நெடுநாள் நிற்கும். உங்கள் பழைய மெத்தையில் பள்ளம் இல்லை, காலையில் முதுகு இலகுவாக இருக்கிறது என்றால் புதிது வாங்க வேண்டியதே இல்லை என்பது என் கருத்து.

சரக்கு எப்படி உருவாகிறது

ரப்பர் மரத்தில் வடியும் பாலில் ரப்பர் சத்து மூன்றில் ஒரு பங்கு அளவே. மீதி பெரும்பாலும் நீர். இயந்திரத்தில் சுழற்றி அதை 60 சதவீதமாகக் கெட்டிப்படுத்தி, கெடாமல் இருக்க அமோனியா சேர்க்கிறார்கள். நம் மாநிலத்தில் கன்னியாகுமரி மாவட்டத்திலும், எல்லை தாண்டினால் கேரளம் முழுதும் இந்த மரம்தான். இந்திய ரப்பர் வாரியத்தின் தலைமையகம் கோட்டயத்தில் இருக்கிறது.

இந்தப் பாலுடன் கந்தகம் முதலியவற்றைச் சேர்த்து, முட்டை அடிப்பது போல் நுரைக்க அடித்து, அச்சில் ஊற்றி நீராவியில் வேக வைத்தால் மெத்தை. இட்லி அவிப்பதை நினைத்துக் கொள்ளுங்கள்! 1929இல் இங்கிலாந்தில் டன்லப் நிறுவனத்தார் கண்ட முறை இது. அதனால் "டன்லப்" முறை என்றே பெயர். அச்சில் காற்றை உறிஞ்சி நுரையைப் பரப்பி, உறைய வைத்துப் பிறகு வேக வைப்பது "தாலலே" முறை. அது இன்னும் மென்மையாகவும் சீராகவும் இருக்கும், விலையும் கூடும். டன்லப் முறையில் அடிப்பக்கம் சற்றுக் கெட்டியாக அமையும். கனத்த உடம்பும் இடுப்பு வலியும் உள்ள நம் போன்றவர்களுக்கு டன்லப் முறை மெத்தையே போதும்.

மெத்தையில் ஊசித் துளைபோல் வரிசை வரிசையாக இருப்பது அச்சின் கம்பிகளால் வந்தது. உள்ளே சூடு சீராகப் பரவ அவை தேவை. பிறகு காற்றுப் போகவும் உதவும். நம் சித்திரை வெயிலில் அது ஒரு சௌகரியம்.

எடை மிஷினிடம் கேளுங்கள்

இனி நமக்குத் தெரிந்த தொழில். மெத்தையின் நீளம், அகலம், கனம் மூன்றையும் அங்குலத்தில் பெருக்கி 61,000ஆல் வகுத்தால் கன மீட்டர் கிடைக்கும். அதை அடர்த்தியால் பெருக்கினால் கிலோ. 72க்கு 36 அங்குலம், 6 அங்குல கனம் உள்ள ஒற்றை மெத்தை ஏறத்தாழ கால் கன மீட்டர். லேடக்ஸ் பொதுவாகக் கன மீட்டருக்கு 65 முதல் 95 கிலோ வரை வரும். 80 என்று வைத்தால் இந்த மெத்தை 20 கிலோ இருக்க வேண்டும். அதே அளவில் 32 அடர்த்தி கொண்ட சாதாரண ஃபோம் 8 கிலோதான். 75க்கு 60 இரட்டை மெத்தையானால் லேடக்ஸ் 35 கிலோவும் ஃபோம் 14 கிலோவும் வரும். "முழுக்க லேடக்ஸ்" என்று சொல்லி 15 கிலோவில் இரட்டை மெத்தை ஒருவர் தந்தால் அது என்னவென்று நீங்களே சொல்லிவிடலாம்.

ஆனால் கனமாக இருந்தால் மட்டும் நல்லது என்று முடிவு கட்ட முடியாது. துண்டு ஃபோம்களை அரைத்து ஒட்டிய "ரீபாண்டட்" மெத்தையும் கனமாக இருக்கும். உறையின் ஜிப்பைத் திறந்து பார்த்தால் பல நிறத் துண்டுகள் தெரியும். லேடக்ஸிலேயே சுண்ணாம்புத் தூள், களிமண் போன்ற நிரப்பியைக் கலந்து எடை கூட்டுவதும் உண்டு. அரிசியில் கல் மாதிரிதான். அப்படிப்பட்டது நாளடைவில் விரிசல் விட்டுப் பொடியாக உதிரும். மூலையில் விரலால் தேய்த்துப் பாருங்கள். தூள் ஒட்டக் கூடாது. கிள்ளி இழுத்தால் நீண்டு திரும்ப வேண்டும். மேலே இரண்டு அங்குலம் லேடக்ஸ், கீழே ஃபோம் அல்லது தேங்காய் நார் என்று அடுக்கியவையும் வருகின்றன. அவற்றில் தவறில்லை, அதற்குரிய விலையில் விற்றால் சரி. ஒவ்வொரு அடுக்கும் என்ன, எத்தனை அங்குலம் என்று பில்லில் எழுதச் சொல்லுங்கள்.

"இயற்கை லேடக்ஸ்" என்பதிலும் செயற்கை ரப்பர் கலப்பு இருக்கலாம். எத்தனை சதவீதம் என்று கேட்க வேண்டும். "கோல்ஸ்" என்ற இயற்கை வேளாண் லேடக்ஸ் சான்றிதழுக்கு மூலப்பொருளில் 95 சதவீதமாவது சான்று பெற்றதாக இருக்க வேண்டும். சான்றிதழ் எண், நிறுவனப் பெயர், காலாவதி ஆகியவற்றைப் பாருங்கள். நமக்கு உணவு உரிமம் எப்படியோ அப்படி. ரப்பர் கையுறை, பலூன் பட்டால் தடிப்பு, அரிப்பு வருபவர்கள் மருத்துவரைக் கேட்காமல் லேடக்ஸ் வாங்க வேண்டாம்.

படுத்துப் பார்ப்பது

கையால் அழுத்திப் பார்த்து வாங்குவது பயன்படாது. செருப்பைக் கழற்றிவிட்டு, நீங்கள் வழக்கமாகப் படுக்கும் விதத்தில் கால் மணி நேரம் படுங்கள். கூச்சப்பட வேண்டாம். மல்லாந்து படுத்து இடுப்பின் கீழ் கையை விடுங்கள். கை தாராளமாகப் புகுந்து போனால் மெத்தை கெட்டி. புகவே இடமில்லாமல் இடுப்பு அமிழ்ந்தால் மிருது. ஒருக்களித்துப் படுப்பவர்களுக்குத் தோளும் இடுப்பு எலும்பும் சற்று அமிழ வேண்டும். முதுகெலும்பு நேராக நிற்க வேண்டும். எடை கூடியவர்களுக்கு 6 அங்குலத்துக்குக் குறைந்தால் பலகை முட்டும்.

முழங்கால் வலி உள்ளவர்களுக்கு வேறொரு அளவும் முக்கியம். கட்டிலும் மெத்தையும் சேர்ந்த உயரம் முழங்கால் மட்டத்துக்கு வர வேண்டும். தரையில் போட்ட மெத்தையிலிருந்து எழும்போதுதான் முழங்கால் அதிகம் படுகிறது. நல்ல மெத்தை வாங்கித் தரையில் விரிப்பவர்கள் பாதிப் பலனை இழக்கிறார்கள். கயிற்றுக் கட்டில், நாடாக் கட்டில் இதற்கு உதவாது. பலகை, அல்லது இடைவெளி மூன்று அங்குலத்துக்கு மேற்படாத சட்டம் வேண்டும்.

வெயிலும் தைலமும்

பஞ்சு மெத்தையை மாடியில் காயப் போடுவது நம் வழக்கம். லேடக்ஸை வெயிலில் போட்டால் ரப்பர் மஞ்சளித்து, இறுகி, உதிர்ந்துவிடும். நிழலில் காற்றாட வைத்தால் போதும். எண்ணெய் இயற்கை ரப்பரை ஊற வைத்துப் பலமிழக்கச் செய்யும். முதுகுக்குத் தைலம் தேய்த்துக் கொண்டு படுப்பவர்கள் தடித்த உறையும் மேலே ஒரு போர்வையும் கட்டாயம் போட்டுக் கொள்ள வேண்டும். வலிக்காக வாங்கிய மெத்தை வலிக்குத் தடவிய தைலத்தால் வீணாகக் கூடாது அல்லவா!

பில்லைப் பற்றி ஒரு வார்த்தை. கடையின் ஜி.எஸ்.டி. எண்ணைக் கொடுத்து வாங்கி உள்ளீட்டு வரி எடுத்துக் கொள்ளலாம் என்று சிலர் நினைக்கிறார்கள். சொந்த உபயோகப் பொருளுக்கு அந்தச் சலுகை கிடையாது. மேலும் 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், வியாபாரத்துக்காக வாங்கியவரைப் பொதுவாக நுகர்வோராக ஏற்பதில்லை. எனவே சொந்தப் பெயரில், வீட்டு முகவரியில் பில் போடுங்கள். எத்தனை அங்குலம் பள்ளம் விழுந்தால் மாற்றித் தருவார்கள், எத்தனை ஆண்டுக்கு என்பது உத்தரவாத அட்டையில் இருக்கும். கடை முத்திரையும் தேதியும் போட்டு வாங்குங்கள். குறை இருந்து கடைக்காரர் கைவிரித்தால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் இரண்டு ஆண்டுக்குள் மனுச் செய்யலாம். 5 லட்சம் ரூபாய் வரையுள்ள பொருளுக்கு மனுக் கட்டணம் இல்லை.