சாரம் ஏறுமுன் பத்து நிமிடம்

சாரத்தில் ஒரு கட்டு தளர்ந்தால் அது முதலில் சித்தாளின் கண்ணில்தான் படும். கலவைச் சட்டியோடு நாளெல்லாம் அதன் கீழே போய்வருபவர் அவர். ஆனாலும் வாய் திறப்பதில்லை. மேஸ்திரி முறைப்பார், நாளைக்கு வேலைக்குக் கூப்பிட மாட்டார் என்ற பயம். ஹெல்மெட்டும் பெல்ட்டும் வாங்கிக் கொடுத்த இடங்களிலும் இந்தப் பயம் அப்படியேதான் இருக்கிறது. பாதுகாப்பைக் குழுவே ஏற்று நடத்த வேண்டுமானால் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

முதல் வேலை, காலையில் ஆள் பிரிப்பதற்கு முன் பத்து நிமிடம் எல்லாரும் கூடி நிற்பது. இன்று எங்கே வேலை, எங்கே ஆபத்து என்று முறை வைத்துப் பேச வேண்டும்: இன்று கம்பி கட்டுபவர், நாளை சென்ட்ரிங் ஆள், மறுநாள் சித்தாள். ஒடியாவோ இந்தியோ பேசுபவர்கள் இருந்தால், அவர்களில் ஒருவர் தம் மொழியில் சொல்லட்டும். தலையாட்டல் போதாது, கேட்டதைத் திருப்பிச் சொல்ல வைக்க வேண்டும். 2012 ஒலிம்பிக்குக்காக லண்டனில் பூங்கா கட்டியபோதும் தினமும் இப்படிக் கூடிப் பேசினார்கள். அந்தக் கட்டுமானத்தில் ஒரு உயிர்கூடப் போகவில்லை.

பிறகு, அனுபவசாலி ஒருவரும் புதியவர் ஒருவருமாகச் சுற்றிவர வேண்டும். சாரக்கம்பின் அடி சேற்றில் புதைந்திருக்கிறதா? லிஃப்ட் குழிக்குத் தடுப்பு உண்டா? வைப்ரேட்டர் ஒயர் தண்ணீரில் கிடக்கிறதா? ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழமான குழியில் பக்கவாட்டு முட்டு இல்லாமல் யாரும் இறங்கக் கூடாது. தோண்டிய மண்ணைக் கரையிலேயே குவித்தால் அந்தப் பாரமே குழியைச் சரித்துவிடும்.

கடினமானது அடுத்தது. யார் “நிறுத்து” என்றாலும் வேலை நிற்க வேண்டும். சொன்னது தவறாகவே இருந்தாலும் கூலியில் கை வைக்கக் கூடாது. முதல் தடவை ஒரு சித்தாள் நிறுத்தும்போது மொத்த ஆட்களும் மேஸ்திரியின் முகத்தைத்தான் பார்ப்பார்கள். அவர் அந்த இடத்துக்கே போய்ப் பார்த்து, “நல்லவேளை சொன்னம்மா” என்றால் அடுத்தவருக்கும் வாய் வரும். எரிந்து விழுந்தால் அதோடு சரி.

500 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் பாதுகாப்புக் குழு வேண்டும், அதில் தொழிலாளர் தரப்பு முதலாளி தரப்பைவிடக் குறையக் கூடாது என்று 1996ஆம் ஆண்டின் கட்டடத் தொழிலாளர் சட்டம் விதித்தது. எட்டுப் பேர் கட்டும் வீட்டுக்கு அதெல்லாம் எட்டாது. அங்கே ஒரு நோட்டுப் போதும். என்ன குறை, யார் சரிசெய்தார், என்றைக்கு என்று எழுதி, சனிக்கிழமை கூலி கொடுக்கும்போது எல்லாருக்கும் படித்துக்காட்ட வேண்டும். ‘சாரக்கயிறு மாற்றியாயிற்று’ என்று எழுதியிருந்தால், குறை சொன்ன சித்தாளே போய் அந்தக் கட்டை இழுத்துப் பார்த்துவிட்டுக் கையெழுத்தோ கைநாட்டோ வைக்கட்டும்.