மஞ்சளும் நானோ துகளும்

சீவிய வாழைக்காய் கறுத்துப் போவதையும், நெடுநாள் வைத்திருந்த எண்ணெயில் சிக்கு வாடை வீசுவதையும் நாம் கண்டிருக்கிறோம். காற்றிலுள்ள ஆக்சிஜன் அப்பொருள்களோடு சேர்வதே இதற்குக் காரணம். இதனை ஆக்சிஜனேற்றம் என்பர். நம் உடலும் ஆக்சிஜனைக் கொண்டே உணவிலிருந்து ஆற்றலைப் பெறுகிறது. அப்போது தோன்றும் சில மூலக்கூறுகள் அளவு மீறினால் உயிரணுக்களுக்குக் கேடு விளையும். அவற்றைத் தணிக்கும் பொருள்களே ஆக்சிஜனேற்றத் தடுப்பான்கள். கொய்யாவிலுள்ள வைட்டமின் சி, செம்பனை எண்ணெயிலுள்ள வைட்டமின் இ, மஞ்சளுக்கு நிறம் தரும் குர்குமின் ஆகியவை இவ்வகையைச் சேர்ந்தவை.

உண்பது வேறு, உடலில் சேர்வது வேறு

குர்குமின் நீரில் எளிதில் கரைவதில்லை. ஆகையால் குடலில் சிறிதளவே உறிஞ்சப்படுகிறது. உறிஞ்சப்பட்டதையும் குடலும் கல்லீரலும் விரைவில் மாற்றி வெளியேற்றிவிடுகின்றன. 1998-ஆம் ஆண்டில் பெங்களூரில் நடந்த ஓர் ஆய்வில், 2 கிராம் குர்குமினை மட்டும் உண்டவர்களின் இரத்தத்தில் அது மிகச் சொற்பமாகவே காணப்பட்டது. மிளகின் காரப்பொருளான பைப்பரினை 20 மில்லிகிராம் சேர்த்துக் கொடுத்தபோது, உடலில் சேர்ந்த அளவு ஏறத்தாழ 20 மடங்கு கூடியது. நம் சமையலில் மஞ்சளும் மிளகும் கூடி வருவதை இங்கு நினைவுகூரலாம்.

சிறிதாக்குவதன் பயன்

கற்கண்டுக் கட்டியைவிடப் பொடித்த சர்க்கரை விரைவில் கரைகிறது. பொருளைச் சிறிதாக்கும்போது நீர் படும் மேற்பரப்பு பெருகுவதே காரணம். ஒரு மில்லிமீட்டரைப் பத்து இலட்சம் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர் ஆகும். ஒவ்வொரு பக்கமும் 1 சென்டிமீட்டர் கொண்ட கனசதுரத்தின் மேற்பரப்பு 6 சதுர சென்டிமீட்டர். அதனையே 100 நானோமீட்டர் பக்கமுள்ள துகள்களாக்கினால், மொத்த மேற்பரப்பு 60 சதுர மீட்டராகிவிடும். அது ஒரு சிறிய வீட்டின் தரைப் பரப்பளவுக்குச் சமம்!

ஜப்பானிய ஆய்வாளர்கள் குர்குமினை ஏறக்குறைய 190 நானோமீட்டர் அளவுள்ள துகள்களாக்கி, அவை மீண்டும் ஒட்டிக்கொள்ளாதபடி ஒருவகை மரப்பிசினைச் சேர்த்தனர். 2011-ஆம் ஆண்டில் வெளியான அவ்வாய்வின்படி, 30 மில்லிகிராம் உண்ட நலமான மனிதர்களின் உடலில், சாதாரணக் குர்குமின் தூளைவிட 27 மடங்கு மிகுதியாக அது சேர்ந்தது. கொழுப்பு உறைகளுக்குள் அடைத்தல், எண்ணெயை மிக நுண்ணிய துளிகளாக நீரில் கலத்தல் ஆகிய முறைகளும் கையாளப்படுகின்றன.

ஆற்றலுக்கேற்ற விழிப்பு

இரத்தத்தில் அளவு கூடியது என்பதாலேயே நோய் தீர்ந்தது என்று பொருளாகாது. மேலும், மிகுதியாகச் சேரும் பொருள் நன்மையைப்போலவே தீமையையும் மிகுதியாகச் செய்யக்கூடும். 2023-ஆம் ஆண்டில் ஆஸ்திரேலிய மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை, மஞ்சள் அல்லது குர்குமின் அடங்கிய மாத்திரைகளால் அரிதாகக் கல்லீரல் பாதிப்பு நேரலாம் என எச்சரித்தது. உறிஞ்சும் திறன் கூட்டப்பட்டவற்றிலும் அதிக அளவு கொண்டவற்றிலும் இவ்வாபத்து கூடுதலாக இருக்கலாம் என்றும் அது குறிப்பிட்டது. உணவில் வழக்கமாகச் சேர்க்கும் மஞ்சளுக்கு இவ்வெச்சரிக்கை பொருந்தாது.

எனவே, ‘நானோ’ என்னும் சொல்லைப் புட்டியில் கண்டவுடன் உழைத்துச் சேர்த்த பணத்தைச் செலவிட வேண்டியதில்லை. மாத்திரையாக விற்கப்படுவதில் ‘எம்ஏஎல்’ எனத் தொடங்கும் பதிவு எண் உள்ளதா என முதலில் பார்ப்போம். இரத்தம் உறையாதிருக்க மருந்து உண்போரும், கல்லீரல் நோய் உள்ளோரும், கருவுற்ற தாய்மாரும் மருத்துவரைக் கேளாமல் இவற்றைத் தொடலாகாது. இவற்றை உண்ணும் ஒருவருக்குக் கண் மஞ்சளித்தாலோ, சிறுநீர் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். நீரிழிவுக்கும் இரத்த அழுத்தத்திற்கும் மருத்துவர் தந்த மருந்தை இவற்றை நம்பிக் கைவிடுதல் உயிருக்கே உலை வைக்கும்.

அறிவியல் மஞ்சளின் ஆற்றலைக் கூட்டும் வழியைக் காட்டியுள்ளது. அதனை அளவறிந்து பயன்படுத்துவது நம் கடமை. அதுவரை மிளகும் சிறிது எண்ணெயும் கூடிய நம் மஞ்சள் குழம்பு, அச்சமின்றி உண்ணத் தக்கதாய் அடுப்படியிலேயே இருக்கிறது.