தோற்பதும் வேலைதான்



தொழில்முறை மல்யுத்தத்தில் யார் ஜெயிப்பது என்பதை ரிங்குக்குள் நிற்கும் இருவர் தீர்மானிப்பதில்லை. மேடைக்குப் பின்னால் கதை எழுதுகிறவர்களும் நிறுவனத்தின் தலைமையும் ஆட்டம் தொடங்கும் முன்பே அதை முடிவுசெய்துவிடுகிறார்கள். இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. இன்று டபிள்யூடபிள்யூஇ என்று அறியப்படும் நிறுவனம், டபிள்யூடபிள்யூஎஃப் என்ற பெயரில் இருந்த 1989-லேயே அமெரிக்காவின் நியூ ஜெர்சி மாநில செனட்டில் இதை ஒப்புக்கொண்டது. அதற்குக் காரணம் நேர்மை அல்ல, காசு. விளையாட்டுப் போட்டி என்றால் மாநில விளையாட்டு ஆணையத்தின் விதிகளுக்கும் கட்டணங்களுக்கும் உட்பட வேண்டும். பொழுதுபோக்கு என்றால் அந்தத் தொல்லை இல்லை. ஆகவே "நிஜமா, பொய்யா" என்று பள்ளிக்கூட பெஞ்சில் நடக்கும் சண்டை எப்போதோ தீர்ப்பாகிவிட்ட வழக்கு.

தீராத கேள்வி வேறு. முடிவு முன்கூட்டியே எழுதப்பட்டதென்றால், ஒரு வீரரின் தொழிலில் ஏற்றம் எது, இறக்கம் எது? தமிழ்நாட்டுப் பெட்டிக்கடைகளில் விற்ற மல்யுத்த வீரர்களின் டிரம்ப் கார்டுகளில் உயரம், எடை, ரேங்க், ஜெயித்த ஆட்டங்கள் என்று அச்சிட்டிருக்கும். உயரத்தையும் எடையையும் ஓரளவு நம்பலாம். ஜெயித்த ஆட்டங்களின் எண்ணிக்கை மட்டும் எதையும் சொல்லாது. அது அவருக்குத் தரப்பட்ட வசனம் மாதிரிதான். உண்மையான அடையாளங்கள் வேறு இடத்தில் இருக்கின்றன. நிகழ்ச்சியின் கடைசி ஆட்டம் அவருடையதா? கையில் மைக் கொடுத்து எத்தனை நிமிடம் பேச விடுகிறார்கள்? அவருடைய பாட்டு ஒலித்து அவர் நடந்து வருவதைக் காட்டுகிறார்களா, அல்லது விளம்பர இடைவேளை முடியும்போது ஏற்கெனவே ரிங்கில் நின்றுகொண்டிருக்கிறாரா? இரண்டாவது வகையென்றால் அன்றைக்கு அவர் தோற்கப்போகிறார் என்று பெரும்பாலும் சொல்லிவிடலாம்.

இந்த அடையாளங்கள் எல்லாவற்றையும் மேலும் கீழுமாக ஒரே ஆளிடம் பார்க்க வேண்டுமானால் ட்ரூ மெக்கின்டையரை எடுத்துக்கொள்ளலாம். 1985 ஜூன் 6 அன்று ஸ்காட்லாந்தின் ஏர் நகரில் பிறந்தவர். இயற்பெயர் ஆண்ட்ரூ காலோவே. 15 வயதில் இங்கிலாந்தின் தென்கரையில் உள்ள போர்ட்ஸ்மத்துக்குப் போய் மல்யுத்தப் பயிற்சி எடுத்தார். படிப்பை விடக்கூடாது என்பது பெற்றோர் போட்ட நிபந்தனை. அதையும் காப்பாற்றி, கிளாஸ்கோவில் குற்றவியல் படித்துப் பட்டம் வாங்கினார்.

மல்யுத்தப் பள்ளியில் முதலில் சொல்லித்தருவது அடிப்பதை அல்ல, விழுவதை. ரிங்கின் தரை மெத்தை போலத் தெரிந்தாலும், இரும்புச் சட்டங்களின் மேல் பலகை அடுக்கி, அதன்மேல் மெல்லிய ஃபோம் பரப்பி, கான்வாஸ் இழுத்துக் கட்டியதுதான். முகவாயை மார்போடு ஒட்டிக்கொண்டு, முதுகு முழுவதும் ஒரே நேரத்தில் தரையில் படும்படி விழ வேண்டும். கைகளை விரித்துத் தரையில் அறைய வேண்டும். அப்போதுதான் அதிர்ச்சி ஓரிடத்தில் இறங்காமல் பரவும். தலை கொஞ்சம் பின்னால் சாய்ந்தாலும் பின்மண்டை அடிபடும். சரியாக விழுந்தாலும் வலிக்கும். தவறாக விழுந்தால் ஆஸ்பத்திரி. முடிவு முன்பே தெரிந்திருப்பதால் முதுகெலும்புக்கு எந்தச் சலுகையும் கிடைப்பதில்லை.

2007-ல் டபிள்யூடபிள்யூஇ மெக்கின்டையரை ஒப்பந்தம் செய்து டிவியில் காட்டியது. பிறகு, இன்னும் பழுக்க வேண்டும் என்று லூயிவில் நகரிலும் ஃபுளோரிடாவிலும் இருந்த பயிற்சி நிறுவனங்களுக்கு அனுப்பியது. 2009-ல் திரும்பியபோது நடந்தது எந்தப் புதியவருக்கும் கிடைக்காத வரவேற்பு. நிறுவனத்தின் தலைவர் வின்ஸ் மெக்மேன் தானே ரிங்குக்கு வந்து, எதிர்கால உலக சாம்பியன் இவர்தான் என்று அறிவித்தார். 'தேர்ந்தெடுக்கப்பட்டவர்' என்ற பட்டமும் ஒட்டிக்கொண்டது. அதே டிசம்பரில் ஜான் மாரிசனை வென்று இன்டர்கான்டினென்டல் பெல்ட்டைக் கட்டினார். அப்போது வயது 24.

இறக்கம் அங்கேயே தொடங்கியது. 2010 மே மாதம் பெல்ட் கோஃபி கிங்ஸ்டனிடம் போனது. அதே ஆண்டு கோடி ரோட்ஸுடன் சேர்ந்து ஜோடிப் பட்டம் வாங்கினார். அதுவும் ஒரு மாதத்தில் கைமாறியது. பிறகு ஆட்டங்கள் குறைந்தன, மைக் போனது, வருகை போனது. 2012 தொடக்கத்தில் அவருக்குத் தரப்பட்ட கதையே தொடர்ந்து தோற்பதுதான். முதலாளி கைகாட்டிய ஆளை ரசிகர்கள் தாங்களாகக் கேட்டு வாங்கவில்லை என்பதுதான் இதன் வேர். கூட்டம் திட்டவும் இல்லை, கொண்டாடவும் இல்லை. இந்தத் தொழிலில் வில்லனைப் பார்த்து அரங்கம் கூச்சல் போட்டால் அது சம்பாத்தியம். அரங்கம் பாப்கார்ன் வாங்க எழுந்து போனால்தான் ஆபத்து.

2012-ன் பிற்பகுதியில் ஹீத் ஸ்லேட்டர், ஜிண்டர் மஹால் இருவரோடும் அவரைச் சேர்த்து '3எம்பி' என்று ஒரு கோஷ்டி உருவாக்கினார்கள். பாட்டே பாடாத ராக் இசைக்குழு. கையில் இல்லாத கிட்டாரை வாசித்துக்கொண்டு வந்து உதை வாங்கிப் போவார்கள். கோமாளி வேடம்தான், ஆனால் வீணாகப் போகவில்லை. பின்னாளில் அவருக்குப் பேர் வாங்கித் தந்த 'கிளேமோர்' உதை அந்த நாட்களில்தான் பிறந்தது. இறுக்கமான தோல் பேன்ட் போட்டுக்கொண்டு ஒரு காலைத் தூக்கி உதைக்கப் போய், மற்றக் காலும் கூடவே எழும்பி, ஆள் அந்தரத்தில் கிடைமட்டமாகப் போய் விழுந்ததாக அவரே சொல்லியிருக்கிறார். 6 அடி 5 அங்குல ஆள் அப்படிப் பறந்து வந்தால் பார்க்க எப்படியிருக்கும் என்பதை விபத்துதான் காட்டிக்கொடுத்தது.

2014 ஜூன் 12 அன்று அவரை வேலையை விட்டு அனுப்பினார்கள். மஹாலையும் வேறு பலரையும் அதே நாளில் அனுப்பினார்கள். ஸ்லேட்டர் தப்பித்தார்.

வேலை போவது என்றால் இங்கே என்ன பொருள் என்பதைப் புரிந்துகொள்ள ஒப்பந்தத்தைப் பார்க்க வேண்டும். டபிள்யூடபிள்யூஇ வீரர்கள் சட்டப்படி ஊழியர்கள் அல்ல, தனி ஒப்பந்ததாரர்கள். விமான டிக்கெட்டும் ரிங்கில் படும் காயத்துக்கான சிகிச்சையும் நிறுவனத்தின் பொறுப்பு. ஊர் ஊராகப் போகும் வாடகைக் காரும் தங்கும் ஓட்டலும் அப்போது பொதுவாக வீரரின் கைக்காசு. ஊழியர்களுக்குரிய ஓய்வூதியம் கிடையாது. வேலை போகும்போது பெயரும் போய்விடும், ஏனென்றால் 'ட்ரூ மெக்கின்டையர்' என்ற பெயர் நிறுவனத்தின் உடைமை. வெளியே வந்தவர் ட்ரூ காலோவே என்ற பெயரில்தான் ஆட முடிந்தது. ஏழு ஆண்டு டிவியில் சம்பாதித்த பெயரை வாசலிலேயே வைத்துவிட்டு வருவது எந்தத் தொழிலிலும் கொடுமைதான்.

வெளியே இருப்பது சிறு நிறுவனங்களின் உலகம். ஓரிரவுக்கு இவ்வளவு என்று பேசிக்கொண்டு ஆட வேண்டும். இடைவேளையில் மேசை போட்டுத் தன் படம் போட்ட பனியனைத் தானே விற்க வேண்டும். ரசிகருடன் நின்று படம் எடுத்துக்கொண்டால் அதற்கும் ஒரு தொகை. ஆனால் பெரிய நிறுவனத்தில் இல்லாத ஒன்று அங்கே உண்டு. எழுதிக் கொடுத்ததைப் பேச வேண்டியதில்லை. காலோவே சொந்த ஸ்காட்டிஷ் உச்சரிப்பில், சொந்தக் கோபத்தைப் பேசினார். வெளியேறிய மறுமாதமே கிளாஸ்கோவின் ஐசிடபிள்யூ மேடையில் தோன்றினார். அந்த நிறுவனத்தின் முதல் சாம்பியனாக முன்பே இருந்தவர் என்பதால் அது வீடு திரும்பியதைப் போன்ற வரவேற்பு. ஆகஸ்டில் அமெரிக்காவின் இவால்வ் நிறுவனத்தின் பட்டம் கிடைத்தது. 2015-ல் டிஎன்ஏ என்ற மல்யுத்த நிறுவனத்துக்குப் போனார், 2016 மார்ச்சில் மேட் ஹார்டியை வென்று அங்கே உலக சாம்பியன். தாடி வளர்ந்தது, தோள் அகன்றது. எந்த ஆட்டத்துக்கு எப்படிக் கூட்டத்தை ஏற்றி இறக்குவது என்பது வாரத்தில் பல இரவுகள் வெவ்வேறு ஊர்களில் ஆடி ஆடிக் கைவந்தது. டபிள்யூடபிள்யூஇ டிவி ரசிகர் அறியாத இந்த மூன்று ஆண்டுகளைத்தான் அவருடைய தொழிலின் நடுப்பகுதி என்று சொல்ல வேண்டும். பட்டங்களின் பட்டியலில் இதற்குச் சில வரிகள்தான் கிடைக்கும்.

2017 ஏப்ரலில் டபிள்யூடபிள்யூஇ திரும்ப அழைத்தது. முதன்மை நிகழ்ச்சிக்கு அல்ல, பயிற்சிப் பிரிவாகத் தொடங்கிய என்எக்ஸ்டிக்கு. ஆகஸ்டில் பாபி ரூடை வென்று அங்கே சாம்பியன். நவம்பரில் அந்த்ராதே அல்மாஸிடம் தோற்ற ஆட்டத்திலேயே மேற்கையின் தசைநார் கிழிந்தது. எழுதி வைக்காத முடிவுகளும் உண்டு என்பதற்கு அதுவே சான்று. பல மாதம் வீட்டிலிருந்து, 2018 ஏப்ரலில் டால்ஃப் ஜிக்லருடன் முதன்மை நிகழ்ச்சிகளில் ஒன்றான 'ரா'வுக்கு வந்தார்.

இதற்கிடையில் கூட வெளியேறிய மஹால் 2016-லேயே திரும்பி, 2017 மே மாதம் ராண்டி ஆர்டனை வென்று டபிள்யூடபிள்யூஇ சாம்பியனே ஆகிவிட்டார். கனடாவில் பிறந்த பஞ்சாபி அவர். இந்தியச் சந்தையின்மேல் நிறுவனத்துக்கு இருந்த கண் அந்த ஏற்றத்துக்குப் பெரிய காரணம் என்று பரவலாகப் பேசப்பட்டது. அதில் உண்மை இருக்கத்தான் வேண்டும். ஆனால் டிசம்பரில் டெல்லிக்கு வருவதற்கு ஒரு மாதம் முன்பு, மான்செஸ்டரில் ஏஜே ஸ்டைல்ஸிடம் பெல்ட்டைத் தோற்கவைத்தார்கள். டெல்லி ரசிகர்கள் பார்த்தது, ட்ரிபிள் எச்சிடம் தோற்கும் மஹாலை. சந்தைக்காக ஏற்றப்பட்டவர் அந்தச் சந்தைக்கு வந்தபோது கையில் பெல்ட் இல்லை என்பதற்கு இன்றுவரை உருப்படியான விளக்கம் இல்லை.

மெக்கின்டையரின் முறை 2020-ல் வந்தது. ஜனவரி 26, ஹூஸ்டன், ஒவ்வொருவராக இறங்கி மற்றவர்களைக் கயிற்றுக்கு வெளியே தள்ளும் ராயல் ரம்பிள் ஆட்டம். முதல் ஆளாக இறங்கிய பிராக் லெஸ்னர் 13 பேரை வரிசையாகக் கயிற்றுக்கு வெளியே தூக்கிப் போட்டிருந்தார். 16-ஆவது ஆளாக வந்த மெக்கின்டையர் ஒரே கிளேமோரில் லெஸ்னரை வெளியேற்றினார். அரங்கம் எழுந்து நின்றது. 2009-ல் மேலிடம் கொடுத்தும் நிற்காத பட்டத்தை இந்த முறை கூட்டமே கொடுத்தது. கடைசியில் ரோமன் ரெய்ன்ஸையும் தள்ளி ரம்பிளை வென்றார். பரிசு, நிறுவனத்தின் ஆண்டுப் பெருவிழாவான ரெஸில்மேனியாவில், சாம்பியனாக இருந்த லெஸ்னருடன் பட்ட ஆட்டம்.

அதற்குள் கொரோனா வந்துவிட்டது. டாம்பாவின் பெரிய ஸ்டேடியத்தில் நடக்க வேண்டிய ரெஸில்மேனியா, ஓர்லாண்டோவில் உள்ள பயிற்சிக்கூடத்தில் ஒரு ரசிகர்கூட இல்லாமல் முன்பே படம் பிடிக்கப்பட்டு, ஏப்ரல் 4, 5 தேதிகளில் ஒளிபரப்பானது. ஐந்து நிமிடத்துக்குள் லெஸ்னரை வீழ்த்தி, டபிள்யூடபிள்யூஇ பட்டம் வென்ற முதல் பிரிட்டிஷ்காரர் ஆனார். மணி அடித்ததும் சத்தமே இல்லை. அவர் கேமராவை நோக்கிக் கையை நீட்டி, வீட்டிலிருந்து பார்க்கிறவர்களுக்கு நன்றி சொன்னார். கூட்டத்தின் ஆரவாரத்தை நம்பி நடக்கும் ஒரு தொழிலில், உச்சிக்கு ஏறிய நாளில் கைதட்ட ஆள் இல்லை. அதே மாதம் ஸ்லேட்டரை வேலையிலிருந்து அனுப்பினார்கள். ஜூலையில் ஓரிரவு ஸ்லேட்டர் திரும்பி வந்து பழைய கூட்டாளியோடு ஆடினார். சில விநாடிகளில் தோற்றார், பிறகு கட்டிப்பிடித்துக்கொண்டார்கள்.

பெல்ட் அக்டோபரில் ஆர்டனிடம் போய், நவம்பரில் திரும்பி வந்தது. 2021 பிப்ரவரியில் மறுபடி போனது. 'மணி இன் த பேங்க்' பெட்டி வைத்திருப்பவர் ஓராண்டுக்குள் எந்த நேரத்திலும் சாம்பியனைக் கூப்பிட்டு ஆடலாம் என்பது விதி. களைத்துக் கிடந்த மெக்கின்டையர்மேல் மிஸ் என்ற வீரர் அந்தப் பெட்டியைப் பயன்படுத்தினார். ஏப்ரலில் ரசிகர்கள் ஸ்டேடியத்துக்குத் திரும்பிய முதல் ரெஸில்மேனியாவில் அதற்குள் சாம்பியனாகியிருந்த பாபி லாஷ்லியிடம் தோல்வி. 2022 செப்டம்பரில் வேல்ஸின் கார்டிஃபில், நிரம்பிய ஸ்டேடியத்தில் பிரிட்டிஷ் கூட்டத்தின் முன்னால் ரெய்ன்ஸிடம் தோல்வி. ஒருமுறையாவது ஆளோடு ஆரவாரத்தோடு பெல்ட் வாங்க வேண்டும் என்ற ஆசையையே கதையாக்கி நீட்டினார்கள்.

2024 ஏப்ரல் 7 அன்று ஃபிலடெல்ஃபியாவில் அது நடந்தது. சேத் ராலின்ஸை வென்று உலக ஹெவிவெயிட் பட்டத்தைக் கையில் வாங்கினார். வாங்கியதும், காயத்தால் ஆட முடியாமல் வர்ணனைக்கு உட்கார்ந்திருந்த சிஎம் பங்க்கைச் சீண்டப் போனார். பங்க் அடித்துச் சாய்க்க, டேமியன் ப்ரீஸ்ட் 'மணி இன் த பேங்க்' பெட்டியோடு ஓடிவந்து பெல்ட்டைப் பறித்தார். சாம்பியனாக இருந்தது ஆறு நிமிடம்கூட இல்லை. பன்னிரண்டு நாள் கழித்து மஹாலை இரண்டாம் முறையாக வேலையிலிருந்து அனுப்பினார்கள்.

டிரம்ப் கார்டு கணக்கில் மெக்கின்டையருக்கு 2024 மோசமான ஆண்டு. ஜூனில் கிளாஸ்கோவிலேயே, நடுவராக வந்த பங்க்கின் குறுக்கீட்டால் ப்ரீஸ்ட்டிடம் தோற்றார். ஆனால் அந்த ஆண்டில் அவரைப் போலப் பேசப்பட்டவர்கள் குறைவு. பங்க்கின் காயத்தைக் கொண்டாடும் பனியன் அணிந்து வந்தார். பங்க்கின் மனைவி பெயரும் நாய்க்குட்டியின் பெயரும் கோத்த மணிக் கைவளையத்தைப் பறித்துக்கொண்டு மாதக்கணக்கில் கையில் மாட்டித் திரிந்தார். சில ரூபாய் பெறாத அந்த வளையத்துக்காக இரண்டு நடுவயதுக்காரர்கள் சண்டை போட, அரங்கங்கள் நிரம்பின. ஆகஸ்ட் தொடக்கத்தில் சம்மர்ஸ்லாமில் மெக்கின்டையர் ஜெயித்தார். அந்த மாதக் கடைசியில் பெர்லினில் பங்க் ஜெயித்தார். அக்டோபர் 5 அன்று அட்லாண்டாவில் இரும்புக் கூண்டுக்குள் நடந்த மூன்றாவது ஆட்டத்தில் மெக்கின்டையர் தலை கிழிந்து, தோற்று வெளியே வந்தார். எழுதப்பட்டது தோல்வி, தலையில் போட்ட ஸ்டேப்ளர் பின்கள் நிஜம். அப்போது அவருக்கு வயது 39. லாஷ்லி டபிள்யூடபிள்யூஇ பெல்ட்டை முதன்முதலாகக் கட்டியது 44-ஆம் வயதில்.