வேட்டியும் விளையாட்டும்

கேள்வி: ஸ்காட்லாந்து டென்னிஸ் வீரர் ஆண்டி மர்ரேக்கு ஆதரவாக ரசிகர்கள் கில்ட் உடுத்தி வந்தார்களாமே, நாமும் சேப்பாக்கத்துக்கு வேட்டியில் போனால் என்ன?
(ஒரு வாசகர், திருநின்றவூர்)

பதில்: தாராளமாகப் போகலாம். கட்டம் போட்ட கம்பளித் துணியில் மடிப்பு மடிப்பாகத் தைத்து முழங்கால்வரை உடுத்தும் அந்தக் கில்ட், 1746-இல் கலோடன் யுத்தத்தில் தோற்ற மலைநாட்டாரின் கர்வத்தை அடக்கும் பொருட்டு லண்டன் பார்லிமெண்டினால் தடை செய்யப்பெற்று, சேனையில் சேர்ந்தவர்க்கு மட்டும் விலக்களிக்கப்பெற்று, 1782-இல்தான் விமோசனம் அடைந்தது என்பதை நினைத்தால், 77 ஆண்டுகளுக்குப் பின் 2013-இல் விம்பிள்டன் ஆண்கள் ஒற்றையர் பட்டத்தைப் பிரிட்டனுக்கு மீட்டுத் தந்த வீரருக்காக அதை உடுத்துவதில் ஒரு சரித்திர ரசம் இருக்கவே செய்கிறது.

நம் வேட்டிக்கும் சேப்பாக்கத்தில் ஒரு வியாஜ்யம் உண்டு. 2014 ஜூலையில், தமிழ்நாடு கிரிக்கெட் சங்கக் கிளப்பில் நடந்த புத்தக வெளியீட்டுக்கு வேட்டியுடன் சென்ற உயர்நீதிமன்ற நீதிபதி ஒருவரே வாசலில் தடுக்கப்பட, அடுத்த மாதமே சட்டசபை கூடி, அவ்வாறு தடுக்கும் கிளப்பின் உரிமம் ரத்தாகும், ஓராண்டுவரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் உண்டு என்று சட்டம் இயற்றிற்று. வெள்ளைக்காரன் போயும் அவன் வைத்த வாசல் விதி போகாதிருந்தது வேடிக்கைதான்.

மனத்துக்குள்ளேயே கோயில் கட்டிய பூசலார் நாயனாரின் ஊர்க்காரராகிய தங்களுக்குப் புற அடையாளம் எதற்கு என்று சிலர் கேட்கக்கூடும். கிரிக்கெட் பக்தி அவ்வளவு சூக்ஷ்மமானதன்று. மஞ்சள் பனியனுக்குக் கீழே வேட்டி நன்றாகவே பொருந்தும். ஒவ்வொரு சிக்ஸருக்கும் எழுந்து குதிக்கும் உத்தேசமிருந்தால், இடுப்பில் அகலமான பெல்ட் ஒன்று அத்தியாவசியம்.